கிணற்றுக்குள் இறக்கிய விளக்கு

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் யார் இறங்குவதாக இருந்தாலும் முதலில் விளக்குத்தான் இறங்கும். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விடுவார்கள். எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. ஆழக் கிணறு உள்ள தோட்டங்களில் இது வழக்கம். எங்கள் வீட்டில் இதோடு கன்னிமார் சாமிகளும் சேர்ந்துகொண்டார்கள். கிணற்றுமேட்டில் நட்டிருந்த ஏழு கற்களுக்கு முன்னால், வீட்டு மருமகள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து விளக்கை ஏற்றித் தரவேண்டும். அது கீழே அணையாமல் எரிந்தால் கன்னிமார் உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாகப் போன நாளிலிருந்து அது என் வேலை. எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. மரவள்ளி காய ஆரம்பித்தது. கிணற்றின் அடியில் பாறையைக் குடைந்து, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சுரங்கம் போட்டதில் கொஞ்சம் ஊற்று கசிந்தது. ஆனால் மேலே இருந்த மோட்டாரால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்க முடியவில்லை. கரண்டும் பாதி நேரம் இருக்காது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன இன்ஜின் ஒன்றைச் சங்கிலி கட்டி இறக்கினார்கள். தண்ணீருக்குச் சற்று மேலே பாறைத் திட்டில் உட்காரவைத்து ஓட்டினார்கள். புகையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், அவ்வளவுதானே.

அன்று காலை இன்ஜின் ஓடி, மண்ணெண்ணெய் தீர்ந்து நின்றது. சுரங்கத்தில் சேறு அடைத்திருந்தது, அள்ளியாக வேண்டும். நான் விளக்கை ஏற்றிக் கொடுத்தேன். கீழே போய் அது அழகாக எரிந்தது.

"உத்தரவாயிருச்சுங்க" என்று சிரித்தார் கொழுந்தனார். இறங்கி, அதே விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் கூடை கூடையாகச் சேறு மேலே வந்தது. அப்புறம் கயிறு அசையவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் இறங்கிப்போய்த் தம்பியை இழுத்துவந்து கயிற்றில் கட்டிவிட்டார். மேலே ஏறியதும் அவரே தலை சுற்றி வாந்தி எடுத்தார். கொழுந்தனாருக்கு உயிர் இல்லை. முகம் மட்டும் குங்குமம் பூசியதுபோல் சிவந்திருந்தது.

"வெளக்கு அவம் பக்கத்துலயே எரிஞ்சுட்டு இருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஒரு வார்த்தைதான் என் தலையில் விழுந்தது. விளக்கு எரிந்தும் ஆள் போய்விட்டான் என்றால், ஏற்றிய கையில்தான் குறை. சிவந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை, கன்னிமார் தொட்டுவிட்டார்கள் என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமியார் என்னைத் தனியாக அழைத்தார்.

"நெசத்தச் சொல்லு சாமி. அன்னிக்கு நீயி தூரமா இருந்தியா?"

"இல்லீங்க அத்தை."

"ஒருவேள தெரியாம இருந்துருக்குமா?"

மாதவிலக்கு வந்தது தெரியாமல் ஒரு பெண் இருப்பாளா? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது. சீக்கிரமே கோயிலில், சந்தையில், எல்லோருக்கும் அது தெரிந்த கதையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஓரகத்திதான் என்னை நிஜமாகவே வதைத்தாள். கொழுந்தனாரின் மனைவி, என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று பின்னாலேயே திரிந்தவள். இப்போது நான் சேந்திவைத்த தண்ணீரைத் தொடமாட்டாள். என் காதில் விழும்படி மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி படுத்துக்கொண்டு விரல்விட்டு நாள் எண்ணிப் பார்ப்பேன், சரியாகத்தான் இருக்கும், மறுபடியும் எண்ணுவேன்.

என் அண்ணனுக்கு வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. உள்ளே காற்றைச் சோதிக்கிற பிரிவில் இருந்தார். துக்கத்துக்கு வந்தபோது இந்தப் பேச்செல்லாம் அவர் காதிலும் விழுந்தது. கிணற்றடியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த லீவில் வரும்போது பையில் ஒரு சாமான் கொண்டுவந்தார். வெள்ளைப் பொடி அடைத்த ஒல்லியான கண்ணாடிக் குழாய், லாரி ஹாரனில் இருப்பதுபோல ஒரு ரப்பர் பந்து, நீளமான ரப்பர் டியூப்.

"அன்னிக்கு ஓட்டுனாப்லயே இன்ஜினை ஓட்டி நிறுத்துங்க மாப்ள. ஊட்ல இருக்கறவங்க அத்தன பேரும் வாங்க" என்றார். குரலில் மரியாதை குறைவில்லை, ஆனால் யாரும் மறுக்கிற மாதிரியும் இல்லை.

இன்ஜின் நின்றதும் விளக்கையும் டியூபையும் சேர்த்துக் கட்டி இறக்கினார். இந்த முறை விளக்கை அவரே ஏற்றினார், குளிக்கக்கூட இல்லை. மேல்முனையில் கண்ணாடிக் குழாயைச் செருகி, பந்தை அமுக்கி அமுக்கி விட்டார். வெள்ளைப் பொடி மெல்லப் பழுப்பானது.

"கீழ பாருங்க, வெளக்கு எரியுது. இங்க பாருங்க, பொடி நெறம் மாறுது. மூச்சுக்காத்து கொறஞ்சாத்தான் வெளக்கு அணையும். இன்ஜின் புகையில இருக்கறது வேற காத்துங்க. நெறமில்ல, வாசமில்ல. வெளக்கு எரிஞ்சுட்டே இருக்கும், மனுசன் செத்துருவான். செத்தா மூஞ்சி செவக்கும். எங்க நெலக்கரிச் சுரங்கத்துல அப்பிடி ஆளுங்கள நானே தூக்கியாந்துருக்கறனுங்க."

மாமியார் குழாயைப் பார்த்தார், ஏழு கல்லையும் பார்த்தார். "அப்பிடியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலியை அவிழ்க்கப் போனார். மறுநாள் இன்ஜின் மேலே வந்துவிட்டது. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனாலும் ஓரகத்தி வருவாள் என்று காத்திருந்தேன். வந்து காலில் விழட்டும் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்ப நீங்க இல்லீங்களாக்கா?"

"நானில்ல சாமி."

"கன்னிமாரும் இல்லீங்களா?"

"இல்ல. புகைதான்."

அப்படியே தட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஒரு தட்டை உருவி ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கள வஞ்சுக்கிட்டே எந்திரிப்பனுங்க, வஞ்சுக்கிட்டே படுப்பனுங்க. அப்பிடித்தான் இத்தன நாளும் ஓடுச்சு. இனி நான் ஆர வையறதுங்க?"

அண்ணன் அந்தக் குழாயைக் கொண்டுவராமலே இருந்திருக்கலாமோ என்று, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அப்போது நினைத்தேன்.