ராகுகாலம் முடியட்டும் என்றேன்

அந்தப் பங்குகள் என் மனைவியுடையவை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் சாக்குச் சொல்வது போலாகிவிடும்.

அவள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு ஒரே கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்தாள். தாறுமாறாக ஏறி இறங்கும் பங்கு அது. ஒருமுறை பாதி விலைக்கு விழுந்தபோது நான் பதறினேன். "விழட்டுமே. நான் இன்னிக்கு விக்கப் போறேனா?" என்று தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

எல்லாம் எங்கள் பெண்ணுக்காக வைத்திருந்தது. கணவனைப் பிரிந்தவள், கழக்கூட்டத்தில் ஐடி வேலை, குழந்தையோடு வாடகை வீடு. அங்கேயே சின்னதாக ஒரு ஃப்ளாட் பார்த்து டோக்கன் முன்பணம் கொடுத்திருந்தாள். அடுத்த தவணைக்கு அம்மாவின் பங்குகளை விற்றுத் தருவதாகப் பேச்சு.

நான் காலையில் வாங்கி மாலைக்குள் விற்கிற ஆள். லாபம் வந்த நாளில் கரமனை ஜங்ஷனிலிருந்து வடை வாங்கி வருவேன். "இன்னிக்கு வடை வந்தாச்சு. நேத்திக்குப் போனதுக்கு என்ன வாங்கிண்டு வருவேள்?" என்பாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அவள் பங்குகளை ஈடாகக் காட்டினால், என் கையில் உள்ள பணத்தைப்போலப் பல மடங்குக்கு நான் பங்குகள் வாங்கலாம். அதற்கான ஓடிபி அவள் போனுக்கு வந்தது. "என்னது இது?" என்றாள். "ஒண்ணுமில்லை, கேஒய்சி. விலாசம் சரிபார்க்கறா" என்றேன். எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் அப்படி வாங்கிய சிறிது நேரத்தில் சந்தை சரிந்தது. தம்பானூரிலுள்ள தரகர் அலுவலகத்திலிருந்து நாகர்கோவில்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"சார், மார்ஜின் பத்தல்ல, ஈட்டு மதிப்பு கொறஞ்சிட்டு. இப்பமே பணத்தப் போடுங்க. இல்லேன்னா சிஸ்டம் எல்லாத்தையும் வித்துரும்."

பென்ஷன் கணக்கில் பணம் இருந்தது. போனில் தட்டினால் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் மணி பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம். மலையாள நாட்டில் இருந்தாலும், அந்த நேரத்தில் எங்கள் தமிழ்த் தெருவில் பால்காசுகூடக் கொடுக்க மாட்டார்கள்.

"பன்னிரண்டுக்கு மேல போடறேன். ராகுகாலம் முடியட்டும்."

"சிஸ்டத்துக்கு ராகுகாலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது சார். போட்டுருங்க."

சிரித்தபடி வைத்துவிட்டேன். நான் கணிதத்தில் முதுகலை படித்தவன். இருந்தும் கை போகவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் பணத்தை அனுப்பிவிட்டுக் கணக்கைத் திறந்தேன். நான் வாங்கியவை விற்கப்பட்டிருந்தன. அந்த நஷ்டத்தை அடைக்க அவளுடையவையும் போயிருந்தன. ஏதோ கோளாறு என்று நினைத்து மூடித் திறந்தேன், மறுபடி மூடித் திறந்தேன். அடுக்களையில் குக்கர் விசில் அடிப்பது எங்கோ தூரத்தில் கேட்டது. சந்தை முடியும்போது அவளுடைய பங்கு முந்தைய நாள் விலையையும் தாண்டி நின்றது. இன்று வரை என்னால் நம்ப முடியாதது அதுதான்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "கேஒய்சின்னு பறஞ்சேளே" என்றாள். பிறகு, "அவகிட்ட நீங்களே போய் சொல்லுங்கோ" என்று சொல்லி உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பஸ் பிடித்துக் கழக்கூட்டம் போனேன். டீ இடைவேளையில் பெண் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே வந்தாள். நான் வாய் திறப்பதற்குள் போனை நீட்டினாள். "அடுக்களைக்கு இந்தப் பச்சை டைல் கொள்ளாமோ அப்பா, நன்னாருக்கா? குழந்தை செலக்ட் பண்ணினது."

சொன்னேன். ஓடிபி, ராகுகாலம், எல்லாவற்றையும். லாரி இரைச்சலில் சில வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அது முதல்முறை சொன்னதைவிடக் கொடுமையாக இருந்தது.

"முழுக்கவா?"

"கிட்டத்தட்ட."

வழி கேட்க வந்த அந்நியனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே நின்று ஃப்ளாட்காரருக்குப் போன் செய்து மலையாளத்தில் பேசினாள். "சேட்டா, ஆ ஃப்ளாட் இனி வேண்டா. டோக்கன் திரிச்சு கிட்டுமோ?" டோக்கனைத் திருப்பித் தர முடியாது என்பதற்கு அவர் சொன்ன காரணங்களை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கிட்டில்லா, அல்லே? சரி."

போனைப் பைக்குள் போட்டாள். "குழந்தைகிட்ட நான் பறஞ்சுக்கறேன். நீங்க கொஞ்ச நாளைக்கு என் வீட்டுக்கு வர வேண்டாம் அப்பா."

கழுத்து அட்டையை வாசல் கருவியில் காட்டிவிட்டு உள்ளே போனாள்.