சேற்றில் சிரிக்கிற பெண்ணின் படம்

மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா வந்து, சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் கீரை அறுக்கிற ஓஃபெலியா பர்ரகானுக்குப் படித்தவர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் மகள் யாரெலி படித்து நர்ஸ் ஆக வேண்டும் என்பதில் மட்டும் ஒரே பிடி. மடிப்புக் கலையாத சீருடை, கூரைக்குக் கீழே வேலை, நகக்கண்ணில் மண் இல்லாத கை. அத்தனை வருஷம் வயலில் குனிந்த முதுகுக்கு அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெண்ணோ கல்லூரிக்குப் போன மறு வருஷமே, நர்ஸ் வேண்டாம், சுற்றுச்சூழல் படிக்கிறேன் என்று வந்து நின்றாள். அம்மா சரியென்று சொல்லாமல் மாறவும் மாட்டாளாம்.

வயல்வேலை செய்கிற மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகள் அந்தப் படிப்புப் பக்கம் வருவதில்லையே என்று கல்லூரிக்காரர்களுக்கும் ரொம்பக் கவலை. கவலைப்பட்டு என்ன செய்தார்கள்? குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்டு, கல்யாண வீடு மாதிரி காகிதத் தோரணம் கட்டி, தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டையை ஆறிப்போன பிறகு தட்டில் வைத்தார்கள். கூட்டத்தை நடத்திய ஷீலா அம்மையார் பூப்பின்னல் போட்ட மெக்சிகோ ரவிக்கையில் வந்திருந்தார். ஓஃபெலியாவின் ஊரில் அதைத் திருவிழாவுக்குத்தான் போடுவார்கள்.

பிறகு திரையில் ஒரு படம். மாதக்கணக்கில் யோசித்துப் பொறுக்கியதாம். வாய்க்கால் ஓரம் முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள் மெக்சிகோப் பெண் ஒருத்தி.

"உங்க பொண்ணும் இப்படி ஆகலாம்!" என்றார் ஷீலா, தட்டுத் தடுமாறிய ஸ்பானிஷில்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதுக்குத்தான் காலேஜாடி?" என்று ஓஃபெலியா மகள் பக்கம் திரும்பினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா மேஸ்திரிகிட்ட கேட்டு நாளைக்கே உனக்கொரு கத்தி வாங்கித் தந்திருப்பேனே!"

"மெதுவா பேசும்மா. அது ஆராய்ச்சி."

"முட்டி போட்டா முட்டி வலிக்கும். அதுல என்னடி ஆராய்ச்சி?" என்றவள், ஷீலாவைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "இதைப் படிச்சவங்க அப்புறம் என்ன வேலைம்மா பாப்பாங்க?"

"வயல்ல மருந்தடிக்கிறது ஒழுங்கா நடக்குதான்னு சோதனை பண்ணுவாங்க. அதிகாரி வேலைங்க!"

அந்த அதிகாரியை ஓஃபெலியாவுக்குத் தெரியும். போன கோடையில் பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றோடு வந்து, அவளும் கூட வேலை செய்தவர்களும் வரப்பிலேயே வாந்தி எடுத்தார்கள். மறுநாள் வந்த மகராசன் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேஸ்திரியிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிட்டான். இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தப் படிப்புதான் படித்திருக்கிறானா அவன்?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் யாரெலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடும்மா. நர்ஸே படிச்சுக்கிறேன்."

"ஒண்ணும் வேணாம். அந்தக் கார்க்காரன் வேலைக்கே படி" என்றாள் ஓஃபெலியா. "ஆனா வயலுக்கு வந்தா காரை விட்டு இறங்கணும். எங்ககிட்ட வந்து, என்ன ஆச்சுன்னு நம்ம பாஷையில கேக்கணும். கேக்காமப் போனேன்னு வெச்சுக்கோ, அதிகாரின்னுகூடப் பாக்க மாட்டேன், மேஸ்திரி முன்னாடியே செருப்பால அடிப்பேன்."