ஒற்றைக் கையால் விரியும் கத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயம். செல்லையாவின் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் பழைய பேச்சு கிளம்பக் கூடாது என்றும் இருந்தேன். அவள் இப்போது பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கிறாள். ஜெபித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மடக்குக்கத்திப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தேன். முதலாளி சங்கரலிங்க ஆசாரி. அலகுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை, அலகை விரித்தபடி நிறுத்தும் முதுகு வில்லுக்கு இரும்பறுக்கும் பழைய ஹாக்ஸா பிளேடு. அவருடைய அப்பா காலத்துக் கத்தியில் வில்லே கிடையாது. ஒரே ரிவெட், அலகு லொடலொடவென்று ஆடும். வில் வைத்து அதை நிற்கச் செய்தவர் முதலாளிதான். ராஜபாளையம் மில்களில் ரோலரில் சுற்றிய பஞ்சை அறுக்க முனை மழுங்கிய கத்தி; மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர்களுக்கு மெல்லிய அலகு. வேலைக்குத் தகுந்தபடி மாதிரி மாறும்.

செல்லையா மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் இடது கையை மணிக்கட்டோடு இழந்தவர். பிறகு பஸ்களில் ஏறிக் கொய்யாப்பழம் வெட்டி விற்றார். கூடை இடது முழங்கையில் தொங்கும். நெரிசலில் திறந்த கத்தியோடு ஏற முடியாது. ஆகவே ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கத்தியை மடக்கி விரிக்க வேண்டும். பல்லால் கடித்துத்தான் விரிப்பார். ஒருநாள் உதடு கிழிந்து வந்து நின்றார்.

"என்னவே, பழத்த விட்டுட்டு வாய நறுக்கிட்டீரா?" என்றார் முதலாளி.

"வீட்ல ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தா அண்ணாச்சி, இந்த வாய் எப்பக் கொறையும்னு."

சிரித்தோம். அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். அலகின் அடியில் துளை போட்டு, பழைய ஸ்விட்சிலிருந்து கழற்றிய பித்தளைத் திருகைக் குமிழாக வைத்தேன். கட்டைவிரலால் தள்ளினால் விரியும். முதலில் விரல் வலிக்கிறது என்றார். வில்லை அராவி இளக்கிக் கொடுத்தேன். டீ ஆறுவது தெரியாமல் விரித்து மடக்கிக்கொண்டே இருந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு சமயம், ஊர்களுக்குள் பதற்றம் என்று பஸ்களில் சோதனை நடந்தது. மம்சாபுரம் பஸ்ஸில் செல்லையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி பொன்னுத்தாய் பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, பட்டன் கத்தி வச்சிருந்தாகன்னு அவியள ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்காக. ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. உள்ள தள்ளிட்டா எம் பிள்ளையளுக்குக் கஞ்சி இல்ல."

பட்டன் கத்தி என்றால், பட்டனை அமுக்கியதும் அலகு தானாகப் பாய்வது. சண்டியர்கள் வைத்திருப்பது. எங்கள் பட்டறையில் அதைச் செய்ததே இல்லை. நானும் முதலாளியும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"இது யாரு செஞ்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நாந்தான்யா," என்றார் முதலாளி. "இது பட்டன் இல்ல, தள்ளுனாத்தான் விரியும். அவருக்கு ஒரு கைதான இருக்கு."

"ஒத்தக் கையில விரியுதுல்லா? பெறகு என்ன?"

"அவரையே விரிக்கச் சொல்லிப் பாருங்கய்யா. எம்புட்டுச் சிரமம்னு தெரியும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டவரே, இவர்கள் கண் திறக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கான்ஸ்டபிள் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

செல்லையா நாள் முழுக்க பஸ் ஏறி இறங்குகிறவர். டக்கென்று சத்தம்தான் கேட்டது. அலகு விரிந்து நின்றது. கான்ஸ்டபிள் ஓரடி பின்னால் போனார்.

"பாத்தீரா? இதக் கண்ணால பாத்துட்டு எப்படிவே விடச் சொல்லுதீரு?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம்கூட இல்லை.

மெதுவாக விரித்திருக்கலாம் என்று அப்போதுதான் செல்லையாவுக்கு உறைத்தது. முதலாளியைப் பார்த்தார். கத்தியை மடக்கி மேஜையில் வைத்தார். அதையும் வேகமாகத்தான் மடக்கினார்.

ரிமாண்ட் ஆனது. முதலாளிதான் வக்கீல் வைத்து ஜாமீனில் எடுத்தார். வழக்கு பல வருடம் இழுத்துத் தள்ளுபடியானது. ஜாமீனில் வெளியே வந்த உடனேயே செல்லையா பட்டறைக்கு வந்தார். குமிழ் இல்லாத சாதாரணக் கத்தி ஒன்றை முதலாளி அவர் முன்னால் வைத்தார். அவர் தொடவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. கத்திய மாத்தலாம், பழகுன கைய எங்க கொண்டு மாத்த? எதக் குடுத்தாலும் அது வெரசாத்தான் போவும்."

அதன் பிறகு பழத்தை முழுசாகவே விற்றார். வெட்டி மிளகாய்ப்பொடி தூவித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் அடுத்த ஆளிடம் வாங்கினார்கள். பாதிக் கூடை மீந்துதான் வீட்டுக்குப் போகும். குமிழ் வைத்த கத்தியை முதலாளி மறுபடி செய்யவே இல்லை.

பட்டறை வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒருவருக்காக ஒரு மாற்றம் செய்தால் அவர் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர் யாரென்று தெரியாதவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்றும் யோசியுங்கள். எங்களுக்கு அந்த யோசனை வரவில்லை.

நாங்கள் ரௌடிகளுக்குக் கத்தி செய்து கொடுத்ததாக இன்றும் ஒரு பேச்சு உண்டு. செல்லையா போலீஸ்காரர்களை வெட்டப் பாய்ந்ததாகவும் சிலர் சொல்கிறார்கள். அவர் இறந்துவிட்டார், வந்து மறுத்துச் சொல்ல மாட்டார். இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவரை வீரனாக்கிச் சொல்ல வேண்டாம். அவர் கொய்யாப்பழம் வெட்டினார், அவ்வளவுதான்.