அயர்லாந்துத் துரைக்கு நாங்கள் யார்

என் தகப்பனாரை நான் அப்பா என்று கூப்பிட்டது கண்டிச்சீமையில், பதுளைக் கடைத்தெருவில், ஒரு மழை நாளில். குதிரை வண்டியில் அவர் பக்கத்தில், சீமையிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய அவர் மனைவி, துரைசாணி, உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னார், குதிரை வேகமெடுத்தது. சக்கரம் வாரியடித்த சேறு என் பாவாடையெல்லாம். அம்மா அடிக்கவில்லை. முந்தானையால் சேற்றைத் துடைத்தபடி, "தொரைன்னுதானே கூப்பிடச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அதற்கு முன் நாங்கள் ஹாலிஎலவுக்கு மேலே, அவர் துரையாக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், பங்களாவுக்குப் பின்னால் இருந்த சிறு வீட்டில் இருந்தோம். அம்மா திருச்சிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். சாயங்காலங்களில் துரை எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, கங்காணியிடம் கற்ற தமிழில் பேசுவார். இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "எங்க பாட்டன் முப்பாட்டன் ஸ்காட்லாந்து. பொழைக்க அயர்லாந்து போனாங்க. அங்க எங்கள ஸ்காட்லாந்துக்காரன்னு சொல்றான். ஸ்காட்லாந்து போனா, அயர்லாந்துக்காரன்னு சொல்றான்" என்பார். அம்மா சிரிப்பாள். "எங்கண்ணன் திருச்சிப் பக்கம் ஊருக்குப் போனப்ப, கண்டிச்சீமக்காரன் வந்துட்டான்னாங்களாம் தொரை." அவள் அப்படிச் சிரித்தது அந்த வீட்டோடு சரி.

சீமையில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்தப் பேச்செல்லாம் நின்றது. ஒரு காலை நின்றபடியே சொன்னார்: "பிள்ளைய மிஷன்ல விடு. நல்லா வளப்பாங்க. நீ வேற தோட்டத்துக்குப் போ."

"என்னைய எங்க வேணா அனுப்புங்க தொரை. பிள்ளைய விடமாட்டேன்" என்றாள் அம்மா. அன்றே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பதுளைக்கு இறங்கிவிட்டாள். பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார். அம்மா அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டாள்; அவருக்கு அரிசி புடைத்தாள், மிளகாய் இடித்தாள். நான் பூனைக்கண்ணோடும் செம்பட்டை முடியோடும் வளர்ந்தேன். தெருவில் சட்டைக்காரி, வெள்ளைக்காரக் கலப்பு என்றார்கள்.

துரைக்கு அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. குடி மிஞ்சியது. துரைசாணி இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். பிறகு வேலையும் போனது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் கடைக்காரப் பெரியவர் உள்ளே வந்து, "தங்கச்சி, வாசல்ல அந்தத் தொர நிக்கிறாரு. நிக்க முடியாம நிக்கிறாரு. என்ன சொல்ல?" என்றார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உள்ள வரச் சொல்லுங்க நானா" என்றாள்.

எங்கள் பாயில் காய்ச்சலாகக் கிடந்தார். அம்மா கஞ்சி ஊட்டினாள், உடம்பைத் துடைத்துவிட்டாள். அந்த வேலை முடிந்ததும் எழுந்து தள்ளி நின்றுகொள்வாள். அவர் எதிரில் வெறுமனே உட்காரவே மாட்டாள். ஒரு நாள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மொகம்" என்றார். நான் வெளியே போய்விட்டேன். கோபமா, வேறு ஏதாவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என் பேரப்பிள்ளைகள் இப்போது கண்ணாடி பார்த்து, இந்தக் கண் யாருடையது என்று கேட்கிறார்கள். கடல்கடந்த ஊர்களின் பெயர்களைச் சொல்கிறேன். அவர் என்னிடம் கண்ட அந்த முகத்தை மட்டும் என்னால் சொல்ல முடிவதில்லை.

சில நாட்களில் அவர் போய்விட்டார். வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். பாதிரியார் எங்களைப் பார்த்து, "நீங்கள் அவருக்கு யார்?" என்று கேட்டார்.

"இது அவரு பொண்ணுங்க சாமி. முன்னால நிக்கட்டும்" என்று அம்மா என் தோளைத் தள்ளினாள்.

"நீ?"

"நா தோட்டத்து ஆளுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அந்தத் துரைமார் பக்கத்தில் தனியாக நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் அது குழிக்குள் இருந்தவருக்காக என்று நினைத்திருப்பார்கள். மண் மூடி முடியும்வரை அம்மா கல்லறை வாசல் கேட்டுக்கு வெளியே, தலையில் முக்காடு இட்டு, மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.