தொண்ணூறு நாள் விசாவில் பேத்தியைப் பார்க்கப் போனோம்

போன வருடம் மார்ச் மாதம் நானும் என் மனைவி பூங்கொடியும் ஜெர்மனிக்குக் கிளம்பினோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே இருக்கும் எங்கள் மகள் நிவேதா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதிகம் நடமாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கார்த்தி பொள்ளாச்சிக்காரர், வேலைக்குப் போகிறவர். வீட்டில் உதவிக்கு வேறு ஆள் இல்லை. எனக்குக் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். பிள்ளைகளைப் பார்க்க இப்படி மாதக்கணக்கில் போய்த் தங்குகிறவர்கள் நம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏராளம். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்தது ஷெங்கன் விசா. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உட்பட இருபத்தொன்பது நாடுகளுக்குப் பொதுவானது. ஆளுக்குத் தொண்ணூறு யூரோ கட்டணம், விசா மையத்தின் கட்டணம் தனி. சென்னைக்கு நேரில் போய்க் கைரேகை கொடுத்தோம். மகளின் அழைப்புக் கடிதம், மருத்துவக் காப்பீடு, பட்டறையின் வருமான வரிக் கணக்கு எல்லாம் வைத்தோம். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் வீடு இருக்கும் துடியலூரிலிருந்து பெங்களூர் விமான நிலையம் காரில் எட்டு மணி நேரம். அங்கிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம், பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே மகள் இருக்கும் சிற்றூர். வாசலில் நின்ற நிவேதாவைப் பார்த்ததும் பூங்கொடி கேட்ட முதல் கேள்வி, "என்ன கண்ணு, இப்பிடி எளைச்சுப்போயிட்டே?" வயிறு முன்னால் நிற்கிறது, இவள் இளைத்ததைப் பார்க்கிறாள்.

ஐந்தாவது வாரம் குழந்தை அவசரப்பட்டு வந்துவிட்டது. அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. மகிழினி என்று பெயர் வைத்தார்கள். நான்கு வாரம் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தினமும் பேருந்தில் போய் வந்தோம். அங்கிருந்த செவிலியர்கள் உடல் சூடு கிடைக்கட்டும் என்று பூங்கொடியின் சேலைக்குள் குழந்தையை வைத்து, மேலே போர்வை போர்த்தி, நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்வார்கள். மொழி தெரியாத எங்களிடம் அவர்கள் காட்டிய பொறுமையை மறக்க முடியாது.

குழந்தை வீட்டுக்கு வந்து, அப்பாடா என்று மூச்சு விட்டோம். இரண்டு வாரம் போனது. நிவேதாவுக்குக் காய்ச்சல். உள்ளே தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆறு வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது, பெற்ற குழந்தையைக்கூட. கார்த்தியோ ஒரு மாத விடுப்பை முடித்து வேலைக்குத் திரும்பியிருந்தார்.

அப்போதுதான் விசாவை எடுத்துப் பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த கடைசித் தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தத் தெம்பில் பேசியபோது கார்த்தி தயங்கிச் சொன்னார்.

"மாமா, அந்தத் தேதி வரைக்கும் இருக்க முடியாதுங்க. பக்கத்துல தங்கற நாள் தொண்ணூறுன்னு போட்டிருக்குது பாருங்க. எறங்குன நாளு, கெளம்பற நாளு ரெண்டும் கணக்குல வரும். பயணம் முன்னப்பின்ன ஆனா ஒதவட்டும்னுதான் கடைசித் தேதியைப் பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டுக் குடுக்கறாங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்களுக்கு மீதி இருந்தது இரண்டு வாரமும் சில நாளும்தான்.

விஷயம் தெரிந்ததும் ஊரிலிருந்து ஆலோசனைகள் வந்து குவிந்தன. பூங்கொடியின் தம்பி போனில், "ஏனுங்க மச்சான், பக்கத்துல சுவிஸ் போயி ஒரு வாரம் இருந்துபோட்டு வந்தா, புதுசா தொண்ணூறு நாள் குடுப்பாங்களாமே?" என்றான். கொடுக்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்தும் அதே கணக்குக்குள்தான் வருகிறது. அதற்கு வெளியே லண்டனுக்கே போய் வந்தாலும், பின்னோக்கி நூற்றெண்பது நாளை எண்ணி, அதற்குள் தொண்ணூறு ஆகிவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். இன்னொரு நண்பர், மூட்டு வலி என்று மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்துவிடு என்றார். மூட்டு வலி எனக்கு உண்மையில் உண்டுதான். ஆனால் அதை விமானம் ஏற முடியாத நோயாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் பொய் பிடிபட்டால் பூங்கொடியின் விண்ணப்பமும் கெட்டுப்போகும்.

அந்த ஊரில் வெளிநாட்டவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. கார்த்தி முன்பதிவு செய்து எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். மருத்துவமனை கொடுத்த சான்றைக் கொண்டுபோயிருந்தோம். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மையார் அதிகாரி. சான்றை நிதானமாகப் படித்தார். குழந்தையை யார் தூக்குகிறார்கள், யார் குளிப்பாட்டுகிறார்கள், மகளை யார் எழுப்பி உட்கார வைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் பூங்கொடிதான். பிறகு என் பக்கம் திரும்பினார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"காய் நறுக்கித் தர்றனுங்க. பேத்தி அம்மிணிய வண்டீல வெச்சுத் தள்ளீட்டுப் போயித் தூங்க வைக்கறனுங்க."

கார்த்தி மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துவிட்டார். ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. பூங்கொடிக்கு ஆறு வாரம் நீட்டிப்பு, கட்டணம் முப்பது யூரோ. எனக்கு இல்லை. நான் இருப்பது குடும்பத்துக்கு ஆசை, ஆனால் தவிர்க்க முடியாத தேவை என்று சொல்ல முடியவில்லை என்றார். என் முகம் வாடியதைக் கவனித்திருக்க வேண்டும். மேசையிலிருந்த நாட்காட்டியை என் பக்கம் திருப்பி, நான் வந்த நாளைத் தொட்டு, திரும்ப வேண்டிய நாளைத் தொட்டு, மறுபடி எப்போது வரலாம் என்பதையும் விரலால் காட்டினார். "நேரத்துக்குப் போய்விடுங்கள். அடுத்த முறை கேட்பது எளிதாக இருக்கும்." வரிசையில் ஆட்கள் காத்திருக்கையில் அவர் எனக்காகச் செலவிட்ட அந்தச் சில நிமிடங்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கிளம்பும் நாளில் நிவேதா கட்டிலிலிருந்து, "அப்பா, உங்களுக்கும் குடுத்திருக்கலாம்" என்று கண் கலங்கினாள். பூங்கொடிதான் அதட்டினாள். "அவரு போகட்டும் கண்ணு. பட்டறை கெடக்குது. ஏனுங்க, ஊட்டுக்குப் போயி கேஸைத் தெறந்து வெச்சுப்போடாதீங்க." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் செருப்புப் போட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் அத்தனை நாள் பிரிந்து இருந்ததில்லை.

ஆறு வாரம் கழித்து அவள் திரும்பினாள். நிவேதா எழுந்து நடந்து, குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலடி வரை வந்து வழியனுப்பினாளாம். அதைக் கேட்டபோது, கொடுக்காமல் போன ஆறு வாரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லாமல் போய்விட்டது.

போகிறவர்கள் கவனிக்க: விசாவில் கடைசித் தேதியைவிடத் தங்கும் நாள்தான் முக்கியம். தொண்ணூறு நாளையும் முதலிலேயே செலவழிக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகுதான் ஆள் அதிகம் தேவைப்படும். முடிந்தால் ஒருவர் முன்னால் போய், மற்றவர் பின்னால் போகலாம். நீட்டிப்புக் கேட்பதாக இருந்தால் நாள் முடியுமுன் கேட்டுவிட வேண்டும், காப்பீட்டையும் நீட்ட வேண்டும். பூங்கொடிக்குக் கொடுத்தது ஜெர்மனிக்கு மட்டும் செல்லும் என்பதால், வேறு ஐரோப்பிய நாட்டில் விமானம் மாறாமல் நேராகப் பெங்களூர் வந்தாள். விதிகள் மாறக்கூடியவை. தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மகிழினியின் முதல் பிறந்தநாளுக்கு இருவரும் மறுபடி விண்ணப்பித்தோம். போன முறை நாள் தவறாமல் திரும்பியதைப் பார்த்தார்களோ என்னவோ, ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. விமான நிலையத்தில் கையை நீட்டியதும் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் காலை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். தரையில் தவழ்ந்து வந்து, என் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினாள்.