கவலை அல்ல, பயம்

தேவகி டீச்சர் காய்ச்சலில் இறந்துபோன செய்தியை எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து மாரிமுத்து அண்ணன்தான் போனில் சொன்னார். அழுதுகொண்டே, "வியாழக்கிழம எஞ்சினியர் வர்றாரே தம்பி, இனி நமக்கு யாரு பேசுறது?" என்றார். அந்தக் கேள்வி எனக்குக் கொடுமையாகப் படவில்லை. லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகிறது.

தேவகியும் நானும் ஒரே பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தோம். அவருடைய நண்பர்களான உங்களுக்கு, மண்சரிவு அபாயத்தைப் பார்க்க அந்த வெளிநாட்டு எஞ்சினியர் முதல்முறை வந்த நாளைச் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்றார்கள் எங்கள் ஆட்கள். தோட்டத்து நலன்புரி அதிகாரி அதை 'கன்சேர்ன்ட்' என்று, வெறும் கவலையாக, மொழிபெயர்த்தார். எஞ்சினியர் தலையாட்டிவிட்டு ஜீப் பக்கம் திரும்பினார். 'அஃப்ரெய்ட்', பயப்படுகிறார்கள், என்று தேவகி திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே என்று அதிகாரி சிரித்தார்.

"ஒண்ணு இல்லீங்க சேர். கன்சேர்ன்ட் நீங்க. பங்களாவுக்குப் போய்த் தூங்கிருவீங்க. அஃப்ரெய்ட் இவங்க."

எஞ்சினியர், முன்னால் நின்ற எங்கள் லயத்து ராசம்மா அக்காவிடமே கேட்கச் சொன்னார். தோட்ட மேலாளரான துரையும் பக்கத்தில் நின்றார். "கொஞ்சம் கஷ்டந்தாங்க," என்றார் அக்கா. துரை முன்னால் சாவையும் நாங்கள் 'கொஞ்சம்' என்றுதான் சொல்வோம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. 'டெரிஃபைட்', நடுங்கிப்போயிருக்கிறார்கள், என்று சொல்லிவிடுங்கள் என்று தேவகியின் காதில் சொன்னேன்.

"அவங்க சொல்லாதத நான் சொன்னா, நானும் அவங்க வாய அடைக்கிற ஆளுதான்," என்றார். பிறகு பேத்தியை எங்கே படுக்க வைக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

"கதவோரமாங்க. செருப்ப மாட்டி விட்டுத்தான் தூங்க வைக்கிறேன்."

தேவகி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எஞ்சினியர் மலையேறி வெடிப்பைப் பார்த்தார். லயத்தின் கடைசி நான்கு காம்பரா அறைகளில் இருந்த குடும்பங்களைப் பாடசாலைக்கு மாற்றினார்கள். மீதிக் குடும்பங்கள் கண்காணிப்பில் இருக்கின்றனவாம். எங்களை யார் கண்காணிக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை நான்தான் பேசினேன். நீங்களும் கன்சேர்ன்ட்தானா என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார். காலில் தோல் சப்பாத்துப் போட்ட வாத்தியாருக்கு அது மரியாதையான சொல். ஆமாம் என்று வாய் வரை வந்தது. 'அஃப்ரெய்ட்' என்றேன். என் அம்மா செருப்போடு தூங்குவதையும் சொன்னேன்.

எஞ்சினியரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. தேவகியிடமிருந்து அந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறேன்; அதை எனக்கென்று சொல்ல வெட்கப்படாமல் இருக்கப் பார்க்கிறேன். வெளியே மழை. நான் சப்பாத்தைக் கழற்றவில்லை.