வாசிக்காமல் தாண்டிய பெயர்

காலை ஒன்பது பத்து. மாடிப்படி ஏறி உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை தலையணை உறைகள். சுவரோரமாகப் போட்டிருந்த மேசைகளில் ஒவ்வொரு கீபோர்டின் மேலும் துவைத்து மடித்த பழைய உறை ஒன்று போர்த்தியிருந்தது. பூப்போட்டவை, கட்டம் போட்டவை, ஓரத்தில் நூல் பிரிந்தவை. அறந்தாங்கிக் கடைவீதியின் தூசி மாடி வரைக்கும் ஏறும். வகுப்புக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. முதல் நாள் என்னிடம் அது இல்லை. கைக்குட்டையை விரித்துப் போட்டேன்.

அது அலுவலக வேலைக்கான கம்ப்யூட்டர் பயிற்சி. கடிதம் அடிப்பது, ஷீட்டில் அட்டவணை போடுவது, மெயில் அனுப்புவது, பிரின்ட் எடுப்பது. நான் ஒரு செய்தித்தாளின் மாவட்ட அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன். அந்த அலுவலகம் மூடிய பிறகு, மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஷீட் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். செய்தி அடிக்கத் தெரியும், அது தெரியாது. அதனால் சேர்ந்தேன்.

வகுப்பில் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டே பேர், நானும் ஒரு பெண்ணும். சொல்லித்தருபவர் இளம்பெண், எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. எங்கள் இருவரையும் அவர் ஒரே மேசையில் உட்கார வைத்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் குளத்தூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது அறந்தாங்கிக்கு. கணவர் வளைகுடாவில் டிரைவராக இருந்து, அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பொன்னமராவதிக்கு வந்துவிடும்படி அண்ணன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அறந்தாங்கியிலேயே உள்ள தனியார் மருத்துவமனை ஒன்று, நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுன்ட்டருக்கு இந்த வகுப்பிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த இடத்துக்காகத்தான் அவர் வந்தார். இதையெல்லாம் இரண்டாம் நாள், தலையணை உறையை மடித்துக்கொண்டே, பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"அண்ணன் நல்ல மனுசந்தான். ஆனா அங்கிட்டுப் போனா மொத மாசம் விருந்தாளி. அப்புறம் பாத்திரம் கழுவுற ஆளு. எம்புள்ள படிப்பு அத்தோட சரி."

பயிற்சி ஜோடியாக நடந்தது. ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், மற்றவர் திரையைப் பார்த்து அடிக்க வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் பிழை பார்ப்பதும் இப்படித்தான் என்பதால் எனக்கு இது புதிதில்லை. அவர் நன்றாக வாசித்தார். அவசரம் இல்லை, முழுங்கல் இல்லை. பெயர், வயது, ஊர், பார்க்க வேண்டிய டாக்டர்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் என் ஷீட்டில் ஒரு வரி குறைந்தது. பழக்கம் விடவில்லை, தாளை வாங்கி மேலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஓர் ஆள் இல்லை. அவர் அந்த வரியை வாசிக்கவே இல்லை.

"இந்த ஆளை விட்டுட்டீங்கம்மா," என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "விடலண்ணே. அது அவுக பேரு."

யாருடைய பெயர் என்று கேட்க வாயெடுத்து, புரிந்து, நிறுத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும் பெயர் அது. பின் மேசையில், வளைகுடாவிலிருந்து திரும்பி மாமாவின் டிராவல்ஸ் ஆபீசில் உட்காரப்போகும் இளைஞர் ஒருவர் இருந்தார். எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார்.

"யக்கா, இந்தப் பேருல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் காச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க? வீட்டுக்குப் போயி கசாயம் குடிக்கச் சொல்லுவீங்களா?"

"ஒனக்குக் காச்சல் வரட்டும்டா. பெரிய ஊசியாப் போடச் சொல்லுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில ஒரு வரி விட்டுப்போனா, அந்த ஆளு கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருப்பாருங்க. நீங்க அடிச்சுப்புடுவீங்க. கூப்பிடணும்ல?"

"தெரியும் மிஸ்," என்றார் அந்தப் பெண்.

மறுநாள் கொடுத்த தாளில் அந்தப் பெயர் இல்லை. அதே வயது, அதே ஊர், வேறு பெயர். மிஸ் மாற்றியிருந்தார். அதன் பிறகு எந்தத் தாளிலும் அது வரவில்லை. அந்தப் பெண்ணும் கவனித்திருந்தார்.

ஒரு மதியம் கரன்ட் போனபோது எல்லோரும் காற்றுக்காக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இரண்டு படி கீழே இருந்த அந்தப் பெண் திரும்பாமலே பேசினார். "மிஸ்ஸு நல்ல மனசோடதான் மாத்துது. ஆஸ்பத்திரிக்கு வர்றவுகளுக்கு யாருண்ணே பேரு மாத்துவா?"

"எழுதும்போது ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டேன்.

"எழுதுறதுக்கு என்ன. அவுக போனப்பறம் எம்புட்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன். வாயால சொன்னதில்ல. நேர்ல வந்தா எந்திரிச்சு நிப்பேன், போன்ல பேசுனா என்னங்கன்னுவேன். அடுத்தவுகட்டப் பேசுனா பாப்பா அப்பாம்பேன். திருச்சி ஏர்போர்ட்டுல பெட்டிய எறக்கிட்டு, யாரோட பாடின்னு கேட்டாக. கொழுந்தனாருதான் பேரைச் சொன்னாரு. நான் பக்கத்துல நிண்டேன்."

கரன்ட் வந்தது. எழுந்து உள்ளே போனோம்.

வகுப்பு முடியும் தறுவாயில் மருத்துவமனையின் மேலாளர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஃபைல். மிஸ் தயாராக வைத்திருந்த தாளை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தன்னுடைய பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். துண்டுச் சீட்டுகளை எங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் பெயர், வயது, ஊர். கவுன்ட்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சீட்டு வைத்திருப்பவர் எழுந்துபோய் விவரம் சொல்ல வேண்டும். அதை அடிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்திருந்த மூன்று பேருக்கும் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தார், இதுதான் தேர்வு.

"டோக்கன் நம்பர் இல்லைங்களா சார்?" என்று மிஸ் கேட்டார்.

"இருந்துச்சு, எடுத்துட்டோம். வயசானவங்க சீட்டைத் தொலைச்சுப்புடுறாங்க. பேரு மட்டும் மறக்காதுல்ல."

முதல் இருவரும் இளம்பெண்கள். வேகமாக அடித்தார்கள். மூன்றாவதாக அந்தப் பெண் போய் உட்கார்ந்தார். ஐந்தாறு பேரை அழைத்தார். நானும் ஒருவன், சீட்டில் எனக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி. அடித்துவிட்டு, "உக்காருங்கய்யா, கூப்பிடுறோம்," என்றார். மேலாளர் தலையசைத்தார். இளம்பெண்கள் இருவரும் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு அழைப்பு நின்றது. அவர் கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் என்ன வந்திருக்கிறது என்பது மிஸ்ஸின் முகத்தில் தெரிந்தது.

யாரும் அழைக்காமலே டிராவல்ஸ் இளைஞர் எழுந்தார். சீட்டு அவரிடம் இருந்தது. "நாந்தான் சார்," என்று சொல்லிக்கொண்டு மேசைக்கு நடந்தார்.

"கூப்பிடாம ஏன் தம்பி வர்றீங்க? போயி உக்காருங்க," என்றார் மேலாளர். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "கூப்பிடுங்கம்மா. ஹால்ல அம்பது பேரு இருப்பாங்க, தானா வரமாட்டாங்க."

இளைஞர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சீட்டை நாலாக மடித்தார்.

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கீழே கடைவீதியில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கடந்து போகும் வரை மேலாளர் காத்திருந்தார். அவர் பேனாவின் மூடியைத் திறந்தபோது அந்தப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, அந்தப் பெயரைச் சொன்னார். கடைசிப் பெஞ்சு வரை கேட்டது.

இளைஞர் வந்து நின்றார். மடித்த சீட்டைப் பிரித்தார்.

அந்தப் பெண் உட்கார்ந்தார். "வயசு சொல்லுங்க."

"நாப்பத்தெட்டு."

"ஊரு?"

சொன்னார். அந்தப் பெண் அடித்தார். "உக்காருங்க, கூப்பிடுறோம்," என்று முடித்துவிட்டு அடுத்த பெயரை அழைத்தார்.

எல்லாம் முடிந்தபின் மேலாளர், "நடுவுல ஏம்மா எந்திரிச்சீங்க?" என்று கேட்டார்.

"அது பழக்கம் சார்."

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. ஃபைலில் எதையோ எழுதினார். அந்தப் பெண் கணினியை முறைப்படி அணைத்து, தலையணை உறையைப் போர்த்தி, நாலு ஓரமும் இழுத்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கீழே இளைஞர் பைக்கில் காத்திருந்தார். "யக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடவா?" என்றார். "நடந்தே போறேன்டா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரமே மருத்துவமனையிலிருந்து அவருக்குப் போன் வந்தது. எனக்கும் மருந்துக் கடை வேலை கிடைத்தது. பிறகு பல மாதம் அவரைப் பார்க்கவில்லை.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக ஒரு திங்கட்கிழமை அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஹால் நிறைந்திருந்தது. கவுன்ட்டரில் அவர் இருந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் பூப்போட்ட தலையணை உறை மடித்து வைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, இங்கிட்டு உக்காருங்க," என்று முன்வரிசையைக் காட்டினார். மகள் புதுக்கோட்டையில் கல்லூரிக்குப் போவதாகவும், தினமும் வீட்டிலிருந்துதான் பஸ்ஸில் போய்வருவதாகவும் அடித்துக்கொண்டே சொன்னார்.

மூன்று பேரை உட்கார்ந்தபடியே அழைத்தார். நான்காவதற்கு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். அந்தப் பெயரை அழைத்தார். காலில் கட்டுப்போட்ட ஒருவர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனார்.